பீடிப் புகையும் நம் குடும்பங்களும்

(சங்கத்தின் சாலை வட்டாரக் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் செயற்குழு கூடியபோது இரண்டு மணி நேரம் குடிதண்ணீர்க் குழாயைப் பற்றியும் ரேஷன் கார்டைப் பற்றியும் பேசினோம். முடிக்கும் நேரத்தில் ஒரு அம்மா எழுந்து, "இதெல்லாம் சரிதான், இந்த அறையிலே கண் எரியுதே, அதைப் பத்தி யாராவது பேசுவீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் நாம் சுற்றிப் பார்த்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஜன்னல் ஒன்று, அதுவும் அடைத்திருந்தது. ஆறு பேர் கையில் பீடி. பெண்கள் எல்லோரும் வாசற்படி ஓரமாக, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். "கூட்டங்களுக்குப் பெண்கள் வருகை திருப்திகரமாக இல்லை" என்று மூன்று வருஷமாக ஆண்டறிக்கையில் எழுதி வருகிறோம். காரணத்தை நாமே ஊதிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்றைய பேச்சு. நாம் டாக்டர்கள் அல்ல. ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிறவர்களும், சாலைக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்களும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்த ஸ்தாபனம் இது. ஆனாலும் இந்த விஷயத்தில் நமக்குத் தெரிந்தது கொஞ்சம் உண்டு.

ரயில்வே கவுண்டரில் உட்காரும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு ஒரு காகிதம் நன்றாகப் பழக்கம். புற்றுநோயாளிக்கான கட்டணச் சலுகைப் படிவம். டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் இருந்தால் நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, கூட வருகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் முக்கால் பங்கு தள்ளுபடி. இங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிற ஆர்.சி.சி., அதாவது 1981இல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் தலைமையில் தொடங்கிய வட்டாரப் புற்றுநோய் மையம், மலையாளிகளுக்கு மட்டும் உரியதல்ல. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நம் ஜனங்கள் அங்கே வருகிறார்கள். கவுண்டருக்கு முன் நிற்கிறவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு ஊர்ப் பெயரை எழுதிக் காட்டுவார். கழுத்தில் கட்டு இருக்கும். பின்னால் மனைவி நிற்பார், இடுப்பில் குழந்தை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும், வரிசை நிற்கிறது. இந்தச் சலுகை எதற்கு என்று நோயாளிகளுக்கு நாங்கள் விளக்கியிருக்கிறோம். நோய் எதனால் என்று நம் சொந்தத் தெருவில் ஒருநாளும் விளக்கியதில்லை.

நம்மோடு இருந்த ஒரு தோழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவர் வீட்டார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர் மனைவிதான் "சொல்லுங்க, நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும்" என்றார். சாலையில் சுமை தூக்கியவர். பகலில் வெற்றிலையோடு புகையிலை, மாலையில் பீடி. இடது கன்னத்தின் உட்புறம், புகையிலையை ஒதுக்கி வைக்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு படை வந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் கவலையும் இல்லை. அப்புறம் அது புண்ணாயிற்று. சூட்டுக் கொப்புளம் என்று மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், வரிசையில் ஆள் மாறிவிடும் என்று தள்ளிப் போட்டார். வாயைத் திறக்க முடியாமல், சோறு இறங்காமல் போன பிறகுதான் போனார். அதற்குப் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர் இங்கே இருக்கிறோம்.

அந்த வெள்ளைப் படையைப் பார்க்க யந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச் லைட்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த இரண்டு கண்களும் போதும். இதை நாம் சும்மா சொல்லவில்லை. இதே திருவனந்தபுரம் ஜில்லாவில், ஆற்றிங்கல் பக்கத்துப் பஞ்சாயத்துகளில், 1996இல் ஆர்.சி.சி. தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு அதை நிரூபித்தது. பதின்மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். ஏழு பகுதிகளில் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். ஆறு பகுதிகளில் வழக்கமான சிகிச்சை வசதி மட்டும். மொத்தம் 1,90,000 பேருக்கு மேல். பரிசோதிக்கப் போனவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பட்டதாரிகள். கையில் டார்ச். வெள்ளைப் படை, சிவப்புப் படை, ஆறாத புண், வாய் திறப்பு குறுகிப்போவது, இவற்றைக் கண்டால் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஒன்பது வருஷத்தில் மூன்று சுற்று நடந்தது. 2005இல் டாக்டர் ஆர். சங்கரநாராயணனும் அவரோடு உழைத்தவர்களும் முடிவை வெளியிட்டார்கள். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த பகுதிகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. நம் தம்பானூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஊரில் நடந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டாக்டரிடம் போ என்று அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்று நம்மைக் கேட்டால் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவோம். கூலி. பயம். கூட வர ஆள் இல்லை. ஆகவே டார்ச் அடித்துப் பார்ப்பது பாதி வேலை. மறுநாள் காலை அவரோடு பஸ்ஸில் ஏறிப் போவது மறு பாதி.

இனி சட்டத்துக்கு வருவோம். பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்ற சட்டம் டெல்லியில் முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னோடி இந்தக் கேரளம்தான். பஸ்ஸிலும் ரயிலிலும் பக்கத்தில் இருப்பவர் விடுகிற புகையைச் சகிக்க முடியாமல் கோட்டயத்துக் கல்லூரி ஆசிரியை மோனம்மா கோக்காட் போன்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொது இடத்தில் புகைப்பது, புகைக்காதவனுடைய உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது, அது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்பது தீர்ப்பு. காற்றைக் கெடுப்பதற்கு அன்றைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 278ஆம் பிரிவின்படி, 500 ரூபாய் வரை அபராதத்துக்கு வழக்குப் போடலாம் என்று போலீசுக்கு உத்தரவாயிற்று. தீர்ப்புச் சொன்ன இரண்டு நீதிபதிகளில் ஒருவர் கே. நாராயண குருப். மற்றவர் அப்போது தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.ஆர். லட்சுமணன், நம் தேவகோட்டைக்காரர். கேரளத்துக்குத் தமிழன் என்ன செய்தான் என்று யாராவது கேட்டால் இதையும் சொல்லுங்கள்.

அதன் பிறகு 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட், சர்க்கார் ஆபீஸ், பஸ், ரயில் எல்லாவற்றிலும் தடை சொன்னது. 2003இல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 2008 அக்டோபர் 2 முதல், அன்புமணி ராமதாஸ் சுகாதார மந்திரியாக இருந்தபோது, டீக்கடை, ஓட்டல், தொழிற்கூடம், பஸ் நிறுத்தம் வரை விதிகள் இறுகின. அபராதம் 200 ரூபாய் வரை. இடத்தின் சொந்தக்காரரும் மானேஜரும் பொறுப்பு. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டரும் டிக்கெட் பரிசோதகரும் அபராதம் போடலாம்.

இந்த வருஷங்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 167ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பெட்டியில் ஒருவர் புகைப்பதை மற்றொரு பயணி ஆட்சேபித்தால் அவர் புகைக்கக் கூடாது என்கிறது. யார் ஆட்சேபிப்பது? நெரிசலான பாசஞ்சர் வண்டியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற பெண், எதிரே கால் நீட்டியிருக்கிற நாலு ஆண்களைப் பார்த்து "அணையுங்கள்" என்று சொல்ல வேண்டும். சொன்னாளா? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டி முழுக்கப் புகைக்கக் கூடாது என்று பிற்பாடு வந்தபோதுதான் அந்தப் பாரம் அவள் தலையிலிருந்து இறங்கியது. கேட்க வேண்டியது அவள் அல்ல, கட்டுப்பட வேண்டியது அவன் என்று ஆயிற்று. சட்டத்தின் லாபம் 200 ரூபாய் அபராதத்தில் இல்லை, இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம். நம் செயற்குழு அறையிலும் கதை அதுதானே! ஆட்சேபிக்க ஒரு அம்மாவுக்குத் துணிவு வர மூன்று வருஷம் ஆயிற்று.

பலகையைப் பற்றி ஒரு சிறு விஷயம். இங்கே எல்லா இடத்திலும் மலையாளத்தில் "புகவலி பாடில்ல" என்று எழுதியிருக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பிக்கு அதை வாசித்துக் காட்டினோம். "பாடில்லைன்னா கஷ்டமில்லைன்னுதானே அண்ணாச்சி?" என்று சொல்லிப் பத்த வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. நம் ஆட்கள் நிறைந்த இடங்களில் தமிழிலும் பலகை வேண்டும் என்று மாநகராட்சிக்கு எழுதுவது நம் வேலை.

இனி, நம் தோழர்கள் சிலர் சொல்லும் ஆட்சேபணை. "இந்தச் சட்டம் ஏழையைப் பிடிக்கிற சட்டம். முப்பது இருக்கைக்கு மேல் உள்ள பெரிய ஓட்டலுக்குத் தனிப் புகை அறை உண்டு. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கொத்தனாருக்குத்தான் அபராதம்." இது உண்மை. மறுக்கப் போவதில்லை. விதியில் அந்தச் சலுகை இருக்கிறது. பீடிக்காரனைப் பிடிப்பது சுலபம் என்பது எந்தப் போலீஸ்காரருக்கும் தெரியும். சிகரெட் கம்பெனிகளின் பலமும் நமக்குத் தெரியும். 1996இல் உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கே சிகரெட் பெயர் வைத்து விளையாட வைத்தார்களே! நம் பாலிசிப் பணத்தை வைத்திருக்கிற எல்.ஐ.சி.க்கே ஐ.டி.சி.யில் கணிசமான பங்கு இருக்கிறது. அதற்காகச் சட்டமே வேண்டாம் என்பதா? ஓட்டலின் புகை அறையையும் மூடு என்று கேட்பதா? பின்னதைத்தான் நாம் கேட்க வேண்டும். அந்தப் புகை அறைக்குள் டீ கொண்டு போகிற பையன் யார்? மேசை துடைக்கிறவர் யார்? நம் ஆள்தானே!

"பத்து மணி நேரம் மூட்டை தூக்கியவனுக்கு ஒரு பீடிதானே சுகம்" என்பது அடுத்தது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேலைத்தளத்தில் "கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள், மேஸ்திரி முறைப்பார். "ஒரு பீடி குடிச்சிட்டு வாரேன்" என்றால் போ என்பார். பீடி இருந்தால்தான் ஓய்வு. பதினாறு வயதுப் பையன் பீடி கற்றுக்கொள்வது ருசிக்காக மட்டுமல்ல, அந்த ஐந்து நிமிஷத்துக்காக. சித்தாள் பெண்களுக்கு அந்த ஐந்து நிமிஷமும் கிடையாது. ஆகவே நம் கோரிக்கை: பீடி இல்லாமலே ஓய்வு, எல்லோருக்கும், காலையும் மாலையும். பீடியை விடச் சொல்வதற்கு முன் இதை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பீடி சிகரெட்டைவிடச் சாது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. இலைதானே, காகிதம் இல்லையே என்கிறார்கள். அது தப்பு. பீடி அடிக்கடி அணைந்துபோகும், அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாக உள்ளே போகின்றன. வாய், தொண்டை, நுரையீரல் எல்லாவற்றிலும் அது புற்றுநோய் உண்டாக்குகிறது. வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்டது, ஆகவே புகையிலை இல்லாமல் வெற்றிலை போடுகிற பெரியம்மாக்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

பிறர் விட்ட புகையைப் பற்றி ஜப்பானில் ஹிராயாமா என்ற விஞ்ஞானி புகைக்காத 91,000க்கும் மேற்பட்ட மனைவிமாரை 14 வருஷம் கவனித்தார். கணவர் அதிகம் புகைக்கிறவராக இருந்தால், புகையைத் தொடாத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் அதிகம் வந்தது. 1981இல் அதை வெளியிட்டார். உலகத்தில் இப்படிப் பிறர் புகையால் மட்டும் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். ஜப்பானியருக்காவது தனித்தனி அறைகள் இருந்திருக்கும். நமக்கு ஒரே அறை. அதில்தான் அடுப்பு, அதில்தான் தொட்டில், மழைக்காலத்தில் கதவும் சாத்தியிருக்கும். அந்த அறைக்குள் எந்தச் சட்டமும் வராது, வரவும் வேண்டாம். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கும் பலகை மாட்ட யாரும் வரப்போவதில்லை. சட்டம் தம்பானூர் ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் சங்கம்தான் போக வேண்டும்.

ஒரு கணக்கு நம்மை வெட்கப்பட வைக்கிறது. தேசம் முழுக்க எடுத்த சர்வே. 2009-10இல் கேரளத்தில் வயது வந்தவர்களில் 21.4 சதவீதம் பேருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. 2016-17இல் அது 12.7 ஆக இறங்கியது. நம் தமிழ்நாட்டிலோ 16.2 ஆக இருந்தது 20 ஆக ஏறியது. இரண்டு ஊர்க் காற்றையும் சுவாசிக்கிற நாம் எந்தக் கணக்கில் சேரப்போகிறோம்?

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறோம். நம்மில் பலருடைய தாயும் தங்கையும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் மேலப்பாளையத்திலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்கள். அந்த ஆயிரம் பீடிக் கூலியில் பள்ளிக்கூடம் போனவர்கள் இந்தச் சங்கத்தில் எத்தனை பேர்! பெண் பார்க்கப் போகும்போதே பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்ட ஊர்கள் அவை. "பீடியை விடு என்கிறீர்களே, அம்மா என்ன சாப்பிடுவாள்?" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது.

கண்ணூரைப் பாருங்கள். 1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. அதை அமல் நடத்த மனமில்லாமல் மங்களூர் முதலாளிகள் 1968இல் கம்பெனிகளை மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர் தெருவில் நின்றார்கள். அப்படி நின்றவர்கள் 1969இல் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவை உண்டாக்கினார்கள். ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றிய கூடங்கள் அந்தப் பக்கத்தில் பிரசித்தம். ஒரு காலத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வேலை. பீடி விற்பனை சரியத் தொடங்கியதும் அந்தச் சங்கம் என்ன செய்தது? புகைப்பவன் பெருகட்டும் என்று காத்திருக்கவில்லை. தேங்காய்ப் பால், மசாலாப் பொடி, குடை, ஆயத்த ஆடை என்று இறங்கியது. எல்லோருக்கும் வேலை கிடைத்தது என்று சொல்ல மாட்டோம், ஏராளமானவர் வெளியேறினார்கள். ஆனால் ஸ்தாபனமாக இருந்ததால் வழி தேட முடிந்தது. வீட்டுத் திண்ணையில் தனித்தனியாக உட்கார்ந்து சுற்றுகிற நம் பெண்களுக்கு அந்த ஸ்தாபனம் இல்லை. போதாக்குறைக்கு, பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று 1976 முதல் வசூலித்த தீர்வையும் 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நின்றுபோயிற்று. தூளைத் தொட்டுத் தொட்டு இருமுகிற பெண்ணுக்கு மாற்றுத் தொழிலும் நல நிதியும் கொடு என்பதும், பொது இடத்தில் புகையைத் தடை செய் என்பதும் எங்களுக்கு ஒரே கோரிக்கையின் இரண்டு வரிகள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் நாம் முதலாளிக்கு வக்கீலாகிவிடுவோம், அல்லது சொந்தத் தாய்க்கு எதிராளியாகிவிடுவோம்.

செயற்குழு எடுத்த தீர்மானங்களைச் சொல்லி முடிக்கிறோம். சங்க அறையில் இனி பீடி, சிகரெட் கிடையாது, தலைவருக்கும் கிடையாது. தேவைப்படுகிறவர் இறங்கித் தெருவுக்குப் போகலாம், அவருக்காக ஐந்து நிமிஷம் கூட்டத்தை நிறுத்துவோம். வீட்டுக்குள் புகைப்பதில்லை என்று ஒவ்வொரு அங்கத்தினரும் மனைவி முன்னிலையில் சொல்ல வேண்டும், சங்கத்தின் முன் அல்ல. விட விரும்புகிறவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச டெலிபோன் இருக்கிறது, தமிழிலும் பேசுகிறார்கள். விட்டுப் பத்து வருஷமானால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது, ஆகவே வயதாகிவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். நம்மில் சிலரே ஏழு தடவை விட்டு எட்டாவது தடவைதான் நிலைத்தோம்.

வாய்ப் பரிசோதனைக்குப் பல் டாக்டர் ஒருவர் வந்து நம் இளைஞர்கள் எட்டுப் பேருக்குப் பழக்கிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஆண்களும் பெண்களும் 35 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வர வேண்டும். சந்தேகம் என்று சொல்லப்பட்டவரோடு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக முறை வைத்து ஆள் போட்டிருக்கிறோம். அன்றைய கூலிக்குச் சங்க நிதியிலிருந்து கொடுப்போம். நிதி போதாது. அதனால்தான் இந்த மாதம் சந்தாவோடு ஐந்து ரூபாய் சேர்த்துக் கேட்கிறோம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணி, சங்க அறையில். வீட்டில் டார்ச் இருப்பவர்கள் புது பாட்டரி போட்டுக் கொண்டுவரவும். யாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு வர வேண்டாம். வாய் சிவந்திருந்தால் ஒன்றும் தெரியாது.